டார்க் சோல்ஸ் 2: மூன்று கிரீடங்களும் ஒரு பனி நகரமும்

டார்க் சோல்ஸ் 2 என்ற வீடியோ கேமைப் பற்றிப் பேச்செடுத்தாலே ‘அந்த வரிசையிலேயே அதுதான் சுமார்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மூல கேமை மட்டும் வைத்துச் சொன்னால் நானும் பெரிதாக மறுக்க மாட்டேன். ஆனால் 2014-இல் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று மாதத்துக்கு ஒன்றாக வந்த மூன்று டிஎல்சிகளையும் (மூல கேமோடு சேர்த்து ஆடும் கூடுதல் பகுதிகள்) தொடாமலே இந்தத் தீர்ப்பைச் சொல்கிறவர்களோடு மல்லுக்கு நிற்க நான் தயார்.

மூல கேமின் குறை அதன் லெவல்களில்தான் இருக்கிறது. பல இடங்கள் நேராக ஓடி ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி, முன்னால் போய் முடிந்துவிடும். டிஎல்சிகளில் இது அப்படியே மாறுகிறது. முதலில் வந்த சங்கன் கிங்கில் ஷுல்வா என்ற பாதாள நகரம். அங்கங்கே இருக்கும் சுவிட்சுகளை வாளால் அடித்தாலோ தூரத்திலிருந்து அம்பு விட்டாலோ கட்டடங்களே மேலும் கீழும் நகர்கின்றன, அதுவரை எட்டாமல் இருந்த மாடிக்கு ஒரு வழி பிறக்கிறது. சண்டையை விட அண்ணாந்து பார்த்துக் கணக்குப் போடுவதற்குத்தான் அங்கே அதிக நேரம் போகும். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

இரண்டாவது, ஓல்ட் அயர்ன் கிங். சாம்பல் மூடிய ப்ரூம் டவர், செங்கோல் ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் உயிர் பெற்று அதன் இயந்திரங்கள் ஓட ஆரம்பிக்கின்றன. எல்லோரும் பேசுவது அங்கே இருக்கும் பாஸ் ஃப்யூம் நைட் பற்றி. ஒரு கையில் வேகமான நீள வாள், இன்னொரு கையில் ராட்சத வாள். பாதி சண்டையில் சின்னதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெரியதில் கருந்தீயை மூட்டிக்கொள்வான். சுற்றி நிற்கும் சிலைகளை முன்கூட்டியே உடைக்காமல் உள்ளே போனால் அவை அவனுக்கு உயிரை ஏற்றிக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் விட எனக்குப் பிடித்த விஷயம் வேறு: அவனுடைய பழைய எதிரி வெல்ஸ்டாட்டின் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு போனால், அதைப் பார்த்ததுமே எடுத்த எடுப்பில் தீயோடு பாய்கிறான். ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் இரண்டு பேருக்கு நடுவில் இருந்த பகையைச் சொல்லிவிட்டார்கள்!

அப்புறம் ஐவரி கிங். மூன்றில் இதுதான் எனக்கு உச்சம். எலியம் லாய்ஸ் என்ற நகரம் முழுக்கப் பனிப்புயல், பாதி வழிகளும் பெட்டிகளும் உறைந்து கிடக்கும், கண்ணுக்கே தெரியாத ஆவா என்ற மிருகம் வாசலில் குதறும். அதைப் பார்க்கும் கண்ணைத் தேடி எடுத்து, ஜெயித்து, உள்ளே ஐவரி கிங்கின் துணைவி அல்சன்னாவைச் சந்தித்தால் அவள் புயலை நிறுத்துகிறாள். பனி விலகிய அதே நகரத்தில் திரும்ப நடக்க வேண்டும், இப்போது புது வழிகள், புது எதிரிகள், கூடவே அரசனின் பழைய வீரர்கள். அவர்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டு கீழே பழைய கேயாஸ் என்ற எரியும் பாதாளத்துக்குள் குதித்தால், எரிந்த வீரர்கள் வாசல் வாசலாக வந்துகொண்டே இருக்க, நம்மோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்களையே உறையவைத்து அந்த வாசல்களை அடைக்கிறார்கள். கடைசியில் அரசனே வருகிறான். இந்த வரிசையில் நம் பக்கமும் ஒரு படை நின்று சண்டை போடுவது எவ்வளவு அபூர்வம் என்று ஆடியவர்களுக்குத் தெரியும்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. மூன்றிலும் கூட்டாக ஆடுவதற்கென்று தனியாக ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள், மூன்றுமே அலுப்பு. ஓல்ட் அயர்ன் கிங்கில் வரும் அயர்ன் பாஸேஜின் முடிவில் நிற்பது மூல கேமில் பார்த்த ஸ்மெல்டர் டீமனேதான், நிறம் மட்டும் நீலம். ஐவரி கிங்கில் வரும் ஃப்ரிஜிட் அவுட்ஸ்கர்ட்ஸ் அதைவிட மோசம்: கண்ணை மறைக்கும் புயலில் திசை தெரியாமல் நடக்க வேண்டும், நடுநடுவே கொம்பில் மின்னலோடு மான்கள் பாயும், அத்தனையும் தாண்டிப் போனால் ஆவா மாதிரியே இரண்டு மிருகங்கள். அங்கே கடினம் இருக்கிறது, யோசனை இல்லை.

நல்லவேளை, டிஎல்சிக்கு ஒன்றாகக் கிடைக்கும் கிரீடங்களுக்கு இந்தப் பகுதிகள் தேவையில்லை. மூன்று டிஎல்சி கிரீடங்களோடு மூல கேமின் அரசர் வென்ட்ரிக்கின் கிரீடத்தையும் எடுத்துக்கொண்டு அவருடைய நினைவுக்குள் போய்ப் பேசினால், அதன்பின் கிரீடம் அணிந்திருக்கும்வரை செத்தாலும் ஹாலோ, அதாவது புத்தியிழந்த நடைப்பிணம், ஆவதில்லை. மூல கேம் முழுக்கத் துரத்திய சாபத்துக்கு டிஎல்சியில்தான் ஒரு பதில் கிடைக்கிறது. இனிமேல் ஆடப் போகிறவர்கள் 2015-இல் வந்த ஸ்காலர் ஆஃப் தி ஃபர்ஸ்ட் சின் பதிப்பையே வாங்குங்கள், மூன்றும் அதிலேயே இருக்கின்றன. ஐவரி கிங்கைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அந்த வீரர்களில் ஒருவரையும் விடாமல் தேடிக் கூட்டிக்கொண்டு கீழே இறங்குங்கள்.