அக்காவின் தையலும் என் ஐந்து நிமிடங்களும்

3 அக்டோபர் 2024, வியாழன்

இன்றோடு கர்ப்பத்தில் 35 வாரங்கள் முடிந்தன. கும்பகோணத்தில் அம்மா வீட்டில் கொலு வைத்தாயிற்று. குனியக் கூடாது என்று பொம்மை துடைக்கும் வேலையை மட்டும் எனக்குத் தந்தார்கள்.

பரிசோதனைக்குப் போனபோது, ஒரு மாதமாக மனத்தில் கிடந்த கேள்வியை டாக்டரிடம் கேட்டேவிட்டேன். எட்டு வருடங்களுக்கு முன் அக்காவின் முதல் பிரசவத்தில், குழந்தை வெளிவர வழியைப் பெரிதாக்க, ஒரு வார்த்தை சொல்லாமல் கீழே வெட்டினார்கள். தையல் போடும்போதுதான் வெட்டியதே அவளுக்குத் தெரிந்தது. நாற்பது நாளும் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தே பால் கொடுத்தாள். எனக்கும் அப்படித்தானா?

"எல்லோருக்கும் வெட்டுவது தேவையில்லை" என்றார் டாக்டர். உலக சுகாதார நிறுவனமும் 2018 வழிகாட்டுதலில் அதைத்தான் சொல்கிறதாம். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கினாலோ, ஆயுதம் போட்டு எடுக்க நேர்ந்தாலோ வெட்ட வேண்டி வரலாம். பிறகு, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள சதை பிரசவத்தின்போது இளகிக் கொடுக்க, அதை இப்போதிருந்தே நீவிப் பழக்கலாம் என்றார். நஞ்சுக்கொடி கீழிறங்கி இருந்தாலோ, இரத்தப்போக்கோ தொற்றோ இருந்தாலோ தொடவே கூடாது. எனக்கு அவை எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே முறையைச் சொல்லிக்கொடுத்தார்.

5 அக்டோபர், சனி

முதல் முயற்சி. நகத்தை ஒட்ட வெட்டினேன். வெந்நீரில் குளித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கதவைத் தாழிட்டேன். முதுகுக்கு மூன்று தலையணைகள், எதிரே ஒரு கண்ணாடி, கிண்ணத்தில் செக்குத் தேங்காய் எண்ணெய்.

கட்டைவிரலைப் பிறப்புறுப்புக்குள் மூன்று, நான்கு சென்டிமீட்டர் வைத்து, ஆசனவாய்ப் பக்கமாகக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். இலேசாக எரியும்வரை இழுத்து ஒரு நிமிடம் அப்படியே பிடிக்க வேண்டும். பிறகு அரைவட்டமாக இரு பக்கமும் மெல்ல நீவ வேண்டும். மேலே, சிறுநீர்த் துவாரத்தை ஒட்டி அழுத்தக் கூடாது. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்.

கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது. வயிற்றைத் தாண்டிக் கை எட்டவே சிரமப்பட்டது. எரிச்சல் வந்ததும் உடம்பு முழுவதும் இறுகிவிட்டது. இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். வலியைவிடக் கூச்சம்தான் பெரிதாக இருந்தது. இருபத்தொன்பது வயது வரை நான் கண்ணால் பார்த்திராத இடம் அது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது.

11 அக்டோபர், வெள்ளி

சரஸ்வதி பூஜை. புத்தகங்களை அடுக்கிவிட்டேன், நேற்றிரவு படித்தது மட்டும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான்கு ஆய்வுகள், 2,497 பெண்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அவற்றைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பின்படி, முதல் பிரசவத்துக்கு முன் 15 பெண்கள் நீவிவந்தால் அவர்களில் ஒருவருக்குத் தையல் தவிர்கிறது. குறைவது பெரும்பாலும் வெட்டுதான்; பெரிய கிழிசலைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாரம் ஒன்றிரண்டு முறை செய்தாலே போதும், தினமும் செய்வதால் கூடுதல் பலன் தெரியவில்லை.

பதினைந்தில் ஒருவர். கொஞ்சம்தான். ஆனாலும் செலவு ஐந்து நிமிடமும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும்தானே? அந்த ஒருத்தி நானாகவும் இருக்கலாம். வாரத்துக்கு இரண்டு முறை என்று வைத்துக்கொண்டேன்.

19 அக்டோபர், சனி

அவர் சென்னையிலிருந்து வந்திருக்கிறார். என் கை எட்டவில்லை என்றதும் தயங்காமல் நகம் வெட்ட உட்கார்ந்தார். "வலித்தால் சொல்" என்று ஒவ்வொரு அரை நிமிடமும் கேட்டார். நான் "போதும்" என்றதும் கையை எடுத்துவிட்டார். எனக்கு அது பெரிய நிம்மதி.

எண்ணெய்க் கிண்ணத்தை அம்மா பார்த்துவிட்டார். ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன் அக்காவுக்கு யாரும் இதைச் சொல்லவில்லையே" என்றார். மாலையில் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து, எண்ணெயை வெதுவெதுப்பாக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. 39 வாரம். வாசலில் சரவெடி வெடிக்கும்போதெல்லாம் குழந்தை துள்ளுகிறது. லேகியம் ஒரு சுண்டைக்காய் அளவுதான் கிடைத்தது.

சதை முன்பைவிட இளகியிருக்கிறது என்றே தோன்றுகிறது. அதைவிடப் பெரிய மாற்றம் மூச்சில். எரிச்சல் வந்ததும் முன்பு பல்லைக் கடிப்பேன். இப்போது தாடையைத் தளர்த்தி நீளமாக மூச்சை விடுகிறேன். குழந்தையின் தலை வெளிவரும்போதும் இப்படித்தான் எரியும், அப்போது முக்காமல் சின்னச் சின்ன மூச்சாக விட வேண்டும் என்று நர்ஸ் அக்கா சொல்லியிருக்கிறார்.

9 நவம்பர், சனி

பெண் குழந்தை. செவ்வாய் விடியற்காலை, 2.9 கிலோ.

திங்கள் மதியம் பனிக்குடம் உடைந்தது. அதன் பிறகு நீவக் கூடாது என்பதால் எண்ணெய் வீட்டிலேயே தங்கிவிட்டது. கடைசி நேரத்தில் நர்ஸ் வெந்நீரில் நனைத்த துணியைக் கீழே வைத்துத் தாங்கிப் பிடித்தார். அந்த எரிச்சல் வந்தபோது அடையாளம் தெரிந்தது. "முக்காதே, ஊது" என்றார், ஊதினேன்.

வெட்டவில்லை. சின்னதாக ஒரு கிழிசல், இரண்டு தையல். ஊசி போடும் முன் டாக்டர் என் முகத்தைப் பார்த்து, எங்கே கிழிந்திருக்கிறது, எதற்குத் தையல் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். நீவியதால்தான் இவ்வளவோடு நின்றதா என்று யாராலும் சொல்ல முடியாது. சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக்கொண்டால் தாங்குகிறது.

இன்று அக்கா வந்தாள். குழந்தையை வாங்கும் முன்பே, "உன்னிடம் சொன்னார்களா?" என்று கேட்டாள். சொன்னார்கள் என்றேன். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குச் சாய தலையணையைச் சரிசெய்துவிட்டு, எட்டு வருடங்களுக்கு முன் அந்த அறையில் நடந்ததை முதல்முறையாக முழுவதும் சொன்னாள். குழந்தை இரண்டு முறை பால் குடித்து முடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.