அஞ்செட்டி வழியில் கண்வலிப் பூ

புரட்டாசி கடைசி. தேன்கனிக்கோட்டையில் ஏறிய பஸ் அஞ்செட்டிக்கு வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒகேனக்கல் போவதாகத்தான் கிளம்பினேன். ஒரு கிராமத்து வேலியில் சிவப்பும் மஞ்சளுமாகத் தீப்பிடித்ததுபோல் ஒரு கொடி தெரிந்ததும், அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன்.

செங்காந்தள். நம் மாநில மலர். நான் மூலனூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் இதைக் கண்வலி என்போம். கண்வலி என்றால் வெள்ளாமை, விதை கிலோ என்ன விலை என்பதுதான் பேச்சு. பூவை யாரும் நின்று பார்த்ததில்லை. நானும் அன்றுதான் நின்று பார்த்தேன்.

ஆடியில் அப்பா கிழங்கு நடுவார். கலப்பைபோல இரண்டாகக் கவர்விட்ட கிழங்கு, அதனால் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர். ஒவ்வொரு கவரின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான் இருக்கும். நுனி ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. ஆகவே கூடையில் கொட்டாமல் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவார். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். கொடி ஏறக் கம்பிப்பந்தல் வேண்டும். இத்தனையும் செய்தால் தை, மாசியில் விதை கைக்கு வரும்.

பெரிய வேலை பூ விரிந்த பிறகுதான். பூவின் பெண் பாகமான சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீண்டிருக்கும். தன் மகரந்தம் தன்மேல் எளிதில் ஒட்டாது. காலை 8 மணிக்கு ஆள்கள் இறங்கிப் பூப்பூவாக மகரந்தத்தைத் தொட்டு வைத்துக்கொண்டே போவார்கள். அம்மா வீடு திரும்பும்போது விரல் நுனியெல்லாம் மஞ்சளாக இருக்கும்.

அஞ்செட்டி வேலியில் அந்த வேலையை ஒரு பெரிய கறுப்புப் பட்டாம்பூச்சி செய்துகொண்டிருந்தது. தேனுக்காக இதழடியில் வட்டமிட்டபோது அதன் இறக்கை மகரந்தப் பைகளில் உரசியது. அடுத்த பூவுக்குப் போனபோது மடங்கிய சூல்தண்டில் பட்டது. அந்தத் தண்டு ஏன் அப்படி வளைந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இருபது வருடம் கண்வலித் தோட்டத்தில் வளர்ந்தவன் நான்.

"ரொம்ப நேரம் பாக்காத கண்ணு, கண்ணு நோவும்" என்றார் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆயா. அந்தப் பேச்சு எங்கள் ஊரிலும் உண்டு.

"இந்தக் கிழங்க இங்க திம்பாங்களா ஆயா?"

"தின்னா பொணந்தான். திங்கறது வேற, வா காட்டறேன்."

அவருடைய காட்டோரம், ராகிக்குப் பின்னால் இருந்த புதரில் இன்னொரு கொடி. கவலைக்கொடி. இதன் கிழங்கைத்தான் தின்பார்கள். இதய வடிவ இலை, தண்டே பக்கத்துச் செடியைச் சுற்றிச் சுற்றி ஏறியிருந்தது. கண்வலியில் அப்படியில்லை. இலையின் நுனி நூலாக நீண்டு சுருண்டு, எதையாவது பிடித்துக்கொள்ளும். "எல நுனியப் பாரு, தெரிஞ்சிடும்" என்றார். கோடையில் இரண்டு கொடியும் காய்ந்துவிடும். காய்ந்த கொடியை நம்பி யாரும் கடப்பாரையைப் போடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

ஆயா சொன்னதோடு எனக்குத் தெரிந்ததையும் இங்கே சேர்க்க வேண்டும். கண்வலியின் கிழங்கு, விதை, இலை எல்லாவற்றிலும் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. உடம்பில் செல்கள் பிரிவதையே அது நிறுத்தும். முதலில் வாந்தி, பேதி. பிறகு ஒவ்வோர் உறுப்பாகச் செயலிழக்கும். பிழைத்தவர்களுக்கும் முடி கொட்டும். அதே கோல்சிசின்தான் யூரிக் அமில மூட்டுவலிக்கு அரை மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுக்கப்படுகிறது. எங்கள் ஊர் விதை விலைபோவதும் அதற்காகத்தான். சித்த மருத்துவத்திலும் நஞ்சு நீக்கிச் சுத்தி செய்யாமல் இதைத் தொட மாட்டார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்று கேள்விப்பட்டு வீட்டில் யாரும் அரைத்துவிடாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. ஆரம்பத்தில் நடவுக் கிழங்கைக் காட்டிலிருந்துதான் தோண்டி வந்தார்கள் என்று அப்பா சொல்வார். பல காடுகளில் காந்தள் குறைந்துபோனதில் எங்கள் வெள்ளாமைக்கும் பங்கு இருக்கிறது. அஞ்செட்டிப் பக்கத்தில் 504 சதுர கிலோமீட்டர் காடு 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே எதையும் தோண்டக் கூடாது. கிழங்கு வேண்டுமென்றால் பயிரிடுபவர்களிடம் வாங்குங்கள். விதையிலிருந்தும் வரும், பூக்க மட்டும் சில வருடம் பொறுக்க வேண்டும்.

ஆயா வீட்டில் அன்று காலை வேகவைத்த கவலைக்கிழங்கு மிச்சம் இருந்தது. முழங்கை நீளக் கிழங்குக்காக ஓர் ஆள் மறையும் அளவுக்குக் குழி தோண்டுவார்களாம். "மழ பேஞ்சு கெட்ட வருசம் இதான் எங்களுக்குச் சோறு" என்று சொல்லி, இரண்டு துண்டைத் தேக்கிலையில் மடித்துக் கொடுத்தார். காசு நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார்.

மதியம் நாட்றாம்பாளையம் வழியாகப் போகும் பஸ் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து தோலை உரித்தேன். மாவாக, லேசான இனிப்போடு, உப்புக்கல் அங்கங்கே கடிபட்டது. ஒகேனக்கல் வரும்வரை கையில் புகைவாசம் இருந்தது.