ஆர்.கே.புரம் நாட்குறிப்பு: பாப்பா கார்கிவில் இருந்த நாட்கள்

24 பிப்ரவரி 2022, வியாழன்

காலை ஒன்பதரை இருக்கும், கோபியிலிருந்து தங்கை போன். "அண்ணா, பாப்பா ஊர்ல குண்டு போடறாங்களாம்ணா." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்துவிட்டது.

பாப்பா, தங்கை மகள், உக்ரைனின் கார்கிவில் மூன்றாம் ஆண்டு மருத்துவம் படிக்கிறாள். ரஷ்ய எல்லையிலிருந்து சுமார் 40 கி.மீ.தான் அந்த ஊர். 15ஆம் தேதியே நம் தூதரகம் 'அவசியமில்லாதவர்கள் கிளம்புங்கள்' என்று சொல்லியிருந்தது. கல்லூரியோ ஆன்லைன் வகுப்பெல்லாம் கிடையாது, அட்டெண்டன்ஸ் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டது, டிக்கெட் விலையும் எகிறியது, சரி பார்க்கலாம் பார்க்கலாம் என்று பத்து நாளை ஓட்டிவிட்டோம். ஓட்டியதில் எனக்கும் பங்குண்டு. "புடின் சும்மா மிரட்டுகிறார், கிழக்கு உக்ரைனின் ரெண்டு மாகாணத்தோடு நின்றுவிடுவார்" என்று தங்கையிடம் பெரிய நிபுணன் மாதிரி சொன்னவன் நான்தான்.

இன்று அழைத்துவரப் போன ஏர் இந்தியா விமானம் உக்ரைன் வான்வெளி மூடியதால் பாதியிலேயே திரும்பிவிட்டது. உக்ரைன் தூதர் இங்கே டெல்லியில் கேமரா முன்னால் நின்று, மோடி புடினோடு பேச வேண்டும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். ராத்திரி பேசினாராம்.

பாப்பா ஹாஸ்டல் அடித்தளத்தில் இருக்கிறாள். "சிக்னல் வர்றப்போ மெசேஜ் போடறேன் மாமா."

26 பிப்ரவரி, சனி

விடியற்காலையில் ஐ.நா. பாதுகாப்புச் சபை வாக்கெடுப்பு. ரஷ்யாவைக் கண்டிக்கும் தீர்மானத்துக்கு ஆதரவு 11, ரஷ்யா வீட்டோ போட்டுத் தடுத்துவிட்டது, விலகி நின்றவை 3: சீனா, ஐக்கிய அரபு அமீரகம், நாம். இதில் கூத்து என்னவென்றால் இந்த மாதம் சபைக்குத் தலைமை வகிப்பதே ரஷ்யாதான். நம் விளக்கத்தை வாசித்தவர் ஐ.நா.வில் நம் தூதர் திருமூர்த்தி, நம்மூர்க்காரர். ராஜதந்திரப் பாதை கைவிடப்பட்டது வருத்தத்துக்குரியது என்றார், கைவிட்டது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

வாக்கிங்கில் நண்பரோடு சண்டை. அவர் வெளியுறவுத் துறையில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். "1957இல் காஷ்மீர், 1961இல் கோவா, 1971இல் பங்களாதேஷ், எல்லாத்துக்கும் நமக்காக வீட்டோ போட்டது யாருங்க?" என்றார். தெரியும், சோவியத் யூனியன். ஆனால் போன வருடம் மார்ச்சில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை மீதான தீர்மானம் வந்தபோதும் நாம் இப்படித்தான் விலகினோம், அன்றைக்கு நான் இதே பூங்காவில் இதே பெஞ்சில் உட்கார்ந்து திட்டாத திட்டில்லை. அங்கேயும் பக்கத்து நாடு, அங்கேயும் செத்தவர்கள் சாதாரண ஜனம். அதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு சுற்று கூடுதலாக நடந்தார்.

27 பிப்ரவரி, ஞாயிறு

ஜெர்மனிதான் ஆச்சரியம். ஜனவரியில் 5,000 ஹெல்மெட் தருகிறோம் என்று சொல்லி ஊரே சிரித்தது. நேற்று 1,000 டாங்கி எதிர்ப்பு ஆயுதம், 500 ஸ்டிங்கர் விமான எதிர்ப்பு ஏவுகணை. இன்று நாடாளுமன்றத்தில் சான்சலர் ஷோல்ஸ் ராணுவத்துக்கு 10,000 கோடி யூரோ என்று அறிவிக்கிறார். ஐரோப்பிய ஒன்றியம் 45 கோடி யூரோவுக்கு ஆயுதம் வாங்கிக் கொடுக்கப் போகிறது, தாக்கப்படும் ஒரு நாட்டுக்கு அது இப்படிச் செய்வது இதுவே முதல்முறை. ரஷ்ய வங்கிகள் சிலவற்றை, உலக வங்கிகள் பணப் பரிமாற்றத் தகவல் அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பிலிருந்து வெட்டுகிறார்கள். பதிலுக்குப் புடின் அணுஆயுதப் படையைத் தயார் நிலைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

நான் வேலை பார்த்தது ராணுவக் கணக்குப் பிரிவில். உதிரி பாக ஃபைல்களோடு காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது. நம் விமானப்படையின் ஏஎன்-32 சரக்கு விமானம் இருக்கிறதே, அது கீவ் ஆன்டனோவ் நிறுவனத்தின் வடிவமைப்பு. 2009இல் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்களைப் புதுப்பிக்க உக்ரைனோடுதான் ஒப்பந்தம், 2014இல் கிரிமியாவை ரஷ்யா பிடித்ததும் பாகங்கள் வருவது தடுமாறியது. நம் கடற்படையின் தல்வார் வகைப் போர்க்கப்பலைக் கட்டுவது ரஷ்யா, அதன் டர்பைன் வருவது உக்ரைனின் மிகோலைவ் ஊரிலிருந்து. ரஷ்யாவின் எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணை போன டிசம்பரில்தான் வர ஆரம்பித்தது. கொள்கை என்கிறார்கள், நட்பு என்கிறார்கள், எனக்குத் தெரிந்தவரை பாதி உதிரி பாகம்.

1 மார்ச், செவ்வாய்

சிவராத்திரி. மலை மந்திர் கோயிலில் கூட்டம். மதியம் செய்தி வந்தது: கார்கிவில் மளிகை வாங்க வரிசையில் நின்ற கர்நாடக மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்துவிட்டார். பெயர் வெளிவருவதற்கு முன்னால் 'இந்திய மருத்துவ மாணவர்' என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம் எப்படிப் போனது என்று எழுத எனக்குத் தெம்பில்லை. ராத்திரி சுந்தரேசுவரர் சந்நிதியில் உட்கார்ந்திருந்தேன். வேண்டிக்கொள்ளக்கூட வரவில்லை.

2 மார்ச், புதன்

கார்கிவைவிட்டு உடனே வெளியேறுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது போங்கள், சாயங்காலம் ஆறு மணிக்குள் பெசோச்சின், பாபாயே, பெஸ்லுதோவ்கா ஊர்களுக்குப் போய்விடுங்கள் என்று தூதரகம் உத்தரவு. பாப்பா நடந்தாள். பனியில், பத்து கிலோமீட்டருக்கு மேல்.

இதே நாள் ஐ.நா. பொதுச்சபையில் ரஷ்யாவுக்கு எதிரான தீர்மானத்தின் மீது வாக்கெடுப்பு. ஆதரவு 141, எதிர்ப்பு 5, விலகல் 35. அந்த 35இல் நாம், பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை, சீனா. நம் தெருவில் பாதி ஒரே பக்கம் ஒதுங்கி நிற்கிறது.

நேர்மையாக எழுதிவிடுகிறேன். ரஷ்யாவோடும் உக்ரைனோடும் இந்தியா பேச முடிகிறது, அதனால்தான் பிள்ளைகளுக்கு வழி திறக்கும் என்று டிவியில் சொன்னபோது, விலகியே இருக்கட்டும், பாப்பா எல்லையைத் தாண்டும்வரை யாரும் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கார்கிவ் தெருவில் செத்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி அந்த நேரம் நினைக்கவில்லை. நண்பரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் ஜெயித்துவிடுவார்.

4 மார்ச், வெள்ளி

சப்போரிஜியா அணுமின் நிலையத்தில் சண்டை, தீ. ஐரோப்பாவிலேயே பெரிய நிலையம். உக்ரைன் மேலே விமானம் பறக்கத் தடை போடுங்கள் என்று அதிபர் செலென்ஸ்கி கேட்க, மேற்கத்திய ராணுவக் கூட்டணியான நேட்டோ முடியாது என்றுவிட்டது. தடை என்றால் மீறுகிற ரஷ்ய விமானத்தை நேட்டோ விமானம் சுட வேண்டும், அப்புறம் அது வேறு போர். ஆயுதம் தருவோம், ஆள் தரமாட்டோம். கணக்கு புரிகிறது, குண்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது?

பாப்பா பெசோச்சினிலேயே இருக்கிறாள். ஒரு வேளை சூப்.

7 மார்ச், திங்கள்

வந்துவிட்டாள்! பஸ்ஸில் ருமேனியா, அங்கிருந்து விமானம். ஏர்போர்ட்டில் தமிழ்நாடு அரசு ஆட்கள் தனி மேசை போட்டு நின்றார்கள். தமிழ்நாடு இல்லத்தில் சாப்பாடு, சென்னைக்கு டிக்கெட், எல்லாம் அரசு செலவு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டே ஜாக்கெட் பையில் கைவிட்டவள் ஒரு சாவியை எடுத்தாள். ஹாஸ்டல் அறைச் சாவி. "வார்டன்கிட்ட குடுக்காம வந்துட்டேன் மாமா. தேடுவாங்க." அதற்குத்தான் அழுதாள், ரொம்ப நேரம்.

கச்சா எண்ணெய் 139 டாலரைத் தொட்டது. டெல்லியில் பெட்ரோல் மௌனமாக அதே 95.41 ரூபாய். உ.பி.யில் இன்றுதான் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு.

17 மார்ச், வியாழன்

ரஷ்யா போரை உடனே நிறுத்த வேண்டும் என்று ஹேக் சர்வதேச நீதிமன்றம் நேற்று 13க்கு 2 என்று உத்தரவு போட்டது. எதிர்த்த இருவர் ரஷ்ய, சீன நீதிபதிகள். நம் தல்வீர் பண்டாரி 13 பேரில் ஒருவர். நண்பரைத் தேடிப் போய்ச் சொன்னேன். "நீதிபதி வேற, அரசாங்கம் வேற" என்றார். அதுதான் நல்ல செய்தி என்றேன்.

1 ஏப்ரல், வெள்ளி

டெல்லிக்கு வராத விருந்தாளியில்லை. எல்லாரும் வெளியுறவு அமைச்சர்கள்: போன வாரம் சீனாவின் வாங் யீ, நேற்று பிரிட்டனின் லிஸ் டிரஸ், இன்று ரஷ்யாவின் லாவ்ரோவ். நீங்கள் எதை வாங்க விரும்பினாலும் தருகிறோம் என்கிறார் அவர். பிரதமர் லாவ்ரோவை மட்டும் சந்தித்தார். 22ஆம் தேதியிலிருந்து பெட்ரோல் ஏறிக்கொண்டே போகிறது.

பாப்பா கோபியிலிருந்து பேசினாள். கல்லூரி ஆன்லைன் வகுப்பு தொடங்கிவிட்டதாம். அன்றைக்கு முடியவே முடியாது என்ற அதே கல்லூரி. அந்த மேடம் ஏதோ கிராமத்து வீட்டிலிருந்து பாடம் எடுக்கிறார். நேற்று நடுவில் சைரன், "இருங்கள்" என்று சொல்லிவிட்டு அடித்தளத்துக்குப் போய்விட்டார். திரையில் வெறும் நாற்காலி. நாற்பது நிமிடம் யாரும் வெளியேறவில்லையாம்.

"ஏன் கண்ணு?" என்றேன்.

"அட்டெண்டன்ஸ் கடைசியிலதான் எடுப்பாங்க மாமா."