வெயில் ஒன்றுதான், தோல் வேறு

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஒரு தோல் சிகிச்சை மையத்தில் செவிலியாக இருக்கிறேன். வயதான விவசாயிகள் வந்தால் என் விரல் முதலில் போவது அவர்களுடைய காது மடலின் மேல் விளிம்புக்கு. தொப்பியின் நிழல் எட்டாத இடம் அது. உப்புத்தாள் போல் சொரசொரக்கும் சிறு திட்டைக் கண் காண்பதற்கு முன்பே விரல் கண்டுபிடித்துவிடும். பெரும்பாலும் அது புற்றுநோய் அல்ல. விட்டுவைத்தால் ஒருநாள் ஆகக்கூடியது.

ஆஸ்திரேலியர்களில் மூவரில் இருவருக்கு 70 வயதுக்குள் ஏதோ ஒரு தோல் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. காரணம் வெயில்தான் என்றால், மதுரை எங்கள் மாநிலத் தலைநகர் பிரிஸ்பேனைவிடப் பூமத்திய ரேகைக்கு எவ்வளவோ பக்கம். அங்கே இந்த நோய் அரிது. வட ஐரோப்பாவின் மங்கிய வெளிச்சத்துக்குப் பழகிய தோல், பிரிட்டிஷார் இங்கே குடியேறத் தொடங்கிய 1788-க்குப் பிறகு கப்பலேறி இந்த வெயிலுக்குள் வந்து இறங்கியது. போதாததற்கு, தென்கோளத்துக் கோடையில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. காற்றிலும் தூசி குறைவு. புற ஊதாக் கதிர் தடையின்றி இறங்குகிறது. ஐரோப்பாவிலோ கணக்கு தலைகீழ்: தோல் புற்றுநோய்களில் மிக ஆபத்தான மெலனோமா, இத்தாலியைவிட நார்வேயில் அதிகம். வெளிறிய தோலோடு விடுமுறைக்குத் தெற்கே போய்க் கடற்கரையில் கருகிவிட்டுத் திரும்புவதற்கு அதில் பெரும் பங்குண்டு.

ஆகவே, இங்குள்ள நம்மவர்கள் "சிஸ்டர், நம் நிறத்துக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லும்போது முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் பெரிய கவசம். மீதிக் கால்வாசிக்காகத்தான் செருப்பைக் கழற்றச் சொல்கிறேன். உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும் மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பில்லை; கறுத்த தோலில் வரும் மெலனோமாவில் கணிசமானது இந்த வகைதான். ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரலில் வந்தது இதுவே. 1981-இல் 36 வயதில் இறந்துபோனார். கால் ஆணி என்றும் அடிபட்ட தழும்பு என்றும் எண்ணி மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். தாமதமாக வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நகத்தில் கறுப்புக் கோடு நம்மில் பலருக்கும் இயல்பாகவே உண்டு. பல விரல்களில் இருந்தால் அநேகமாகப் பயமில்லை. ஒரே ஒரு விரலில் புதிதாகத் தோன்றி, அகலமாகிக்கொண்டே போய், நகத்தைச் சுற்றியுள்ள சதைக்கும் கறுப்பு பரவினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.