கிட்னி டோனருக்கு சிடி ஆஞ்சியோ: கோளாறு எங்கே வருகிறது

கிட்னி தானம் தருபவரின் ரத்தக் குழாய்களை, ஊசி மருந்து ஏற்றிப் படம் எடுப்பதுதான் இந்த சிடி ஆஞ்சியோ. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைப் பார்த்து, ஆஸ்துமாவும் அலர்ஜியும் உண்டா என்று கேட்ட பிறகுதான் டோனரை மேஜையில் ஏற்றுவோம். குடிக்க வெறும் தண்ணீர். படத்தில் வெள்ளையாகத் தெரியும் மருந்தைக் குடிக்கக் கொடுத்தால், பின்னால் முப்பரிமாணப் படம் செய்யும்போது குடல் வந்து குழாய்களை மறைத்துக்கொள்ளும்.

முழங்கை மடிப்பில் பச்சை வென்ஃப்ளான், அதாவது சிரையில் போட்டு வைக்கும் அகலமான ஊசிக்குழாய். படத்துக்கான ஊசி மருந்து நொடிக்கு 4 முதல் 5 மி.லி. வேகத்தில் பாய்கிறது, வார்டில் புறங்கையில் போட்டு அனுப்பும் நீல ஊசி அதற்குத் தாங்காது, மருந்து வெளியே கசிந்து கை வீங்கிவிடும். முதலில் சலைனை அதே வேகத்தில் தள்ளிப் பார்த்துவிடுவது நல்லது.

முதல் சுற்று மருந்தில்லாமல், கல் இருக்கிறதா என்று பார்க்க. அடுத்து 80 முதல் 100 மி.லி. மருந்து, பெருந்தமனியின் வெண்மை 150 ஹவுன்ஸ்ஃபீல்டை (சிடி படத்தில் அடர்த்தியை அளக்கும் அலகு) தொட்டதும் தமனிச் சுற்று, சுமார் 70-வது நொடியில் சிரைச் சுற்று. கிட்னியிலிருந்து சிறுநீரை இறக்கும் குழாயான யூரீட்டருக்கு இன்னொரு முழு சிடி வேண்டாம், சில நிமிடம் கழித்து ஒரு சாதாரணப் படம் போதும். படுத்திருப்பவர் நோயாளி அல்லவே, கதிர்வீச்சை எதற்கு வாரி இறைக்க வேண்டும்?

மூச்சு அசைந்தால் 1 மி.மீ. குழாய் இரண்டாக உடைந்து தெரியும். அதனால் ஊசிக்கு முன்பே இரண்டு முறை பழக்கிவிட வேண்டும். "நெஞ்சு முட்ட இழுக்காதீங்க, பாதி இழுத்துப் பிடிங்க" என்றால் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே அளவு வரும்.

படத்தைக் கிட்னியோடு நிறுத்தக் கூடாது. கிட்னியின் அடிமுனைக்குப் போகும் தனித் தமனி சில பேருக்கு இடுப்புத் தமனியான இலியாக்கிலிருந்தே கிளம்பும். யூரீட்டருக்கு ரத்தம் தருவது பெரும்பாலும் இதுதான். இதைத் தவறவிட்டால் கிட்னியைப் பெற்றவருக்கு யூரீட்டர் அழுகிச் சிறுநீர் கசியலாம். வண்ணத்தில் சுழலும் முப்பரிமாணப் படத்தில் இது காணாமல் போய்விடும். 1 மி.மீ. துண்டுகளை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

கிட்னித் தமனியின் முதல் கிளை பிரியும் தூரத்தை இடப்பக்கம் பெருந்தமனி ஓரத்திலிருந்து அளக்கிறோம். வலப்பக்கம் கீழ்ப்பெருஞ்சிரையின் வலது ஓரத்திலிருந்து அளந்தால்தான் சர்ஜனுக்குப் பயன், தமனியை மூடும் கிளிப் விழுவது பெரும்பாலும் அங்கேதான். 15 மி.மீ.க்குக் குறைந்தால் அந்த எண்ணையே எழுதிவிடுவோம்.

இடது கிட்னியின் சிரை நீளமானது, அதனால்தான் இடதை விரும்பி எடுக்கிறார்கள். ஆனால் அதன் முதுகுப்புறம் வந்து சேரும் லம்பார் சிரை (கீழ்முதுகுச் சிரை) லேப்ராஸ்கோப்பில் முன்னாலிருந்து தெரியாது. இழுபட்டுக் கிழிந்தால் குளமாக ரத்தம். ரிப்போர்ட்டில் "சிரைகள் இயல்பு" என்று மட்டும் எழுதினால் தியேட்டரிலிருந்து போன் வரும்.