12 கிலோ விருந்தாளி

மார்ச் 1, சனி

ஜெலாட்டோ மெஷின் வந்துவிட்டது. ஜெலாட்டோ என்றால் இத்தாலிய பாணி ஐஸ்கிரீம். பெட்டியைத் தூக்கும்போதே இடுப்பு சொல்லிவிட்டது, இது அலமாரிக்குள் போய் வருகிற சாமான் இல்லை என்று. 12 கிலோ. மிக்ஸியை ஓரங்கட்டி மேடையில் இடம் பண்ணினேன். சூடு வெளியேற பக்கவாட்டிலும் இடைவெளி வேண்டுமாம், அதனால் டோஸ்டரும் குடிபெயர்ந்தது. ஃப்ரிட்ஜில் இருப்பது போல, தானே குளிரவைக்க உள்ளே கம்ப்ரசர் இருக்கிறது. வழியில் எப்படிச் சாய்ந்து வந்ததோ, நிமிர்த்தி வைத்து நாளை வரை தொடாதே என்கிறது கையேடு. கம்ப்ரசர் எண்ணெய் தன் இடத்துக்கு இறங்க வேண்டும்.

அக்கா போனில் கேட்டாள், "என் மெஷினையே எடுத்துட்டுப் போயிருக்கலாமே?" அவளுடையது கிண்ணத்தை முந்தின நாளே ஃப்ரீசரில் வைக்கிற வகை. இரண்டு முறை இரவல் வாங்கியிருக்கிறேன். விலை குறைவு, எடை குறைவு, எல்லாம் சரி. ஆனால் ஒரு தடவை ஓட்டினால் கிண்ணத்தின் குளிர் தீர்ந்துவிடும். அடுத்த சுவைக்கு மறுநாள்தான்.

மார்ச் 2, ஞாயிறு

கலவை தயார். பால் 600 மி.லி., க்ரீம் 100 மி.லி., மஞ்சள் கரு 3, சர்க்கரை 140 கிராம், கொஞ்சம் வெனிலா. ஐஸ்கிரீமைவிட ஜெலாட்டோவில் க்ரீம் குறைவு, பால் அதிகம். என் கணக்கில் கொழுப்பு 8 சதவீதத்தை ஒட்டி வருகிறது.

தெர்மாமீட்டரும் கையுமாக அடுப்பு முன் நின்றேன். 82 டிகிரியில் கரண்டியின் முதுகில் கலவை படிந்து நின்றது, இறக்கிவிட்டேன். இன்னும் சில டிகிரி போயிருந்தால் முட்டைப் பொரியல்தான். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். கொழுப்பு இறுக வேண்டும், பால் புரதம் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். மெஷின் வேலை 40 நிமிஷம், அதற்கு முன் என் வேலை ஒரு நாள்!

மார்ச் 3, திங்கள்

பத்து நிமிஷம் வெறுமனே ஓட்டிக் குளிரவைத்து, பிறகு கலவையை ஊற்றினேன். கால் மணி நேரத்துக்கு ஒன்றுமே நடக்கவில்லை, பால் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் கலவையைக் கிளறும் துடுப்பு போன வழியில் ஒரு தடம் விழுந்து, உடனே மூடிக்கொண்டது. அடுத்த சுற்றில் தடம் கொஞ்சம் நின்றது. 30-வது நிமிஷம் மோட்டாரின் குரல் கனத்தது. 36-ல் நிறுத்தினேன். சத்தம் பரவாயில்லை, ஆனால் பக்கத்தில் நின்று போன் பேச முடியாது.

ஒரு சின்ன சோதனை. ஒரு கப் கலவை 200 கிராம், அதே கப்பில் ஜெலாட்டோ 165 கிராம். அதாவது சுமார் 21 சதவீதம்தான் காற்று சேர்ந்திருக்கிறது. மலிவான ஐஸ்கிரீமில் கலவைக்குச் சமமாகவே காற்றை ஏற்றிவிடுவார்கள். நாக்கில் அந்தக் கனம் தெரிந்தது. மையாக அரைத்த விழுது போல, ஒரு துகள்கூட உறுத்தவில்லை. நின்றபடியே மூன்று கரண்டி.

மார்ச் 4, செவ்வாய்

மிச்சத்தை ஃப்ரீசரில் வைத்திருந்தேன். கல். கரண்டி வளைந்ததுதான் மிச்சம். ஜெலாட்டோவைப் பரிமாறுகிற குளிர் –12, –14 டிகிரி. வீட்டு ஃப்ரீசரோ –18. மெஷினில் உறையாமல் இருந்த தண்ணீரெல்லாம் ராத்திரியில் மெதுவாக உறைகிறது. மெதுவாக உறைந்தால் பனித்துகள் பெரிசாகும். எடுத்து 15 நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்தபின் கரண்டி இறங்கியது, ஆனால் நேற்றைய பதம் போய்விட்டது.

மார்ச் 9, ஞாயிறு

சர்க்கரையில் 35 கிராமைக் குறைத்து அந்த அளவுக்கு டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் பொடி போட்டேன். இனிப்பு சர்க்கரையைவிடக் குறைவு, உறைநிலையை இறக்கும் சக்தியோ எடைக்கு எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ராத்திரி வைத்துப் பார்த்தேன், நிஜமாகவே இளகி இருக்கிறது. அந்தத் தைரியத்தில் அடுத்த கலவையில் பால் பவுடரை அள்ளிப் போட்டேன். ஃப்ரீசரில் நாலு நாள் இருந்தபின் மணல் மாதிரி நறநறத்தது. பாலில் இருக்கும் சர்க்கரையான லாக்டோஸ் கூடினால் இப்படித்தான் படிகமாகும்.

மார்ச் 15, சனி

புலம்பல் நாள். துடுப்புக்கும் கிண்ணத்தின் சுவருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அங்கே ஒட்டுகிற படலம் கல்லாக உறைந்துவிடுகிறது. உலோகக் கரண்டி போட்டால் கீறல் விழும், சிலிகான் கரண்டி போட்டால் ஒன்றும் வராது. கடைசியில் மகள்தான் உதவி, பத்து நிமிஷம் கழித்து இளகியதும் வழித்துச் சாப்பிடுகிறாள்.

கிண்ணம் கழன்று வரும், அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். இன்று கழுவி, அடியைத் துடைக்காமல் அவசரத்தில் பொருத்திவிட்டேன். அந்த ஈரம் உறைந்து கிண்ணத்தையும் மெஷினையும் ஒட்டவைத்துவிட்டது. ஒரு மணி நேரம் காத்திருந்துதான் பிரித்தேன். இதில் சாக்லேட் கலவை வேறு ரொம்ப கெட்டியாகி, மோட்டார் நடுவில் நின்றுபோனது. கோகோ தண்ணீரை எவ்வளவு குடிக்கும் என்பதை மறந்தது என் தப்பு.

மார்ச் 22, சனி

எட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஸ்ட்ராபெரி முடிந்ததும் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, உடனே வெனிலா. அக்காவின் மெஷினில் இது நடக்காது. கிண்ணம் 1.5 லிட்டர் என்றாலும் 900 மி.லி.க்கு மேல் ஊற்ற முடியாது, ஆளுக்கு ஒரு கரண்டிதான் முதல் சுற்றில் வந்தது. இரண்டாவதுக்கு எல்லோரும் மேடையைச் சுற்றி நின்று காத்திருந்தார்கள். நேராக மெஷினிலிருந்து கிண்ணத்துக்கு. ஃப்ரீசர் பக்கமே போகவில்லை.

கரண்ட் இல்லாத காலத்தில் எப்படி என்று ஒரு பையன் கேட்டான். கையால் சுற்றும் மெஷினுக்கு 1843-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் நான்சி ஜான்சன் என்ற பெண் என்றேன். வெளியே பனிக்கட்டியும் உப்பும், அதுவே –21 டிகிரி வரை இறங்கும். "கை வலிக்காதா?" என்றான். வலித்திருக்கும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இப்போதெல்லாம் பாதி அளவுதான் போடுகிறேன், 450 மி.லி. அரைமணியில் தயார், ஒரே வேளையில் காலி, சேமிக்க எதுவும் இல்லை. நடுராத்திரி ஆசைக்கு இது உதவாது. அதற்குக் கடை டப்பாதான். டோஸ்டர் இன்னும் ஃப்ரிட்ஜ் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது.

சாயங்காலம் அக்கா வந்தாள். இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "ஒரு வாரத்துக்கு இதைக் குடேன்" என்றாள். "தாராளமா தூக்கிக்கோ." இரண்டு கையாலும் பிடித்து ஓர் அங்குலம் தூக்கினாள், திரும்ப வைத்துவிட்டாள்.

"வேண்டாம்டி. நானே இங்க வந்துடறேன்."