சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க்: இரண்டு ஒலிகளைப் பிரித்துச் சோதித்த அனுபவம்

என் மேசைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் இரண்டு விதமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஒன்று, கணினி இயங்கும் நேரமெல்லாம் விடாமல் கேட்கும் ரீங்காரம். மற்றொன்று, பழைய காணொளிக் கோப்புகள் சிலவற்றைத் திறக்கும்போது மட்டும் ‘டிக், டிக்’ என்று சீரான இடைவெளியில் கேட்டு, திரையைச் சில நொடிகள் உறைய வைத்துவிட்டு அடங்கும் ஒலி. இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லையாதலால் தனித்தனியாகச் சோதித்தேன். அதற்கு முன்பே முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகலெடுத்துக்கொண்டேன். தேய்ந்துவிட்ட டிஸ்குக்கு முழுச் சோதனையே கடைசி வேலையாகிவிடக்கூடும்.

ரீங்காரத்தைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. கணினியை அணைத்து, டிஸ்கின் மின் இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கியபோது ஒலி இல்லை. ஆகவே விசிறிகளின் மேல் பழி போட முடியவில்லை. பிறகு டிஸ்கைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, தடித்த ஸ்பாஞ்சின் மேல் சமமாகக் கிடத்தி இயக்கினால், காதை அருகில் வைத்தால்தான் கேட்கும் அளவுக்கு ஒலி தணிந்துவிட்டது. டிஸ்கினுள் தரவைத் தாங்கி நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு நொடிக்கு 120 முறை சுழல்கிறது. அந்த அதிர்வைக் கேபினட்டின் மெல்லிய தகடு வாங்கிப் பெருக்கியிருக்கிறது, அவ்வளவுதான். திருகுகளுக்கு ரப்பர் வளையம் போட்டதும் அது தீர்ந்தது. (டிஸ்க் சுழலும்போது அதைத் தூக்கவோ திருப்பவோ கூடாது, தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் இடையே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளியே.)

‘டிக்’ ஒலி அவ்வளவு எளிதில் பிடிபடவில்லை. வேலையில்லாத நேரத்தில் ஹெட்டை ஒதுக்கி வைக்கும்போதும் டிஸ்குகள் இப்படி ஒலிப்பதுண்டு; ஆனால் இங்கே படிக்கும் நேரத்தில் மட்டுமே கேட்டது. மின்சாரம் போதாமல் போனாலும் இப்படி நேரலாம் என்பதால் மின் இணைப்பை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. அடுத்து ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) என்ற கட்டளையால், டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே எண்ணிட்டு எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் (SMART) பதிவுகளைப் படித்தேன். சில டிஸ்குகளில் 1, 7 ஆகிய எண்களுக்கு எதிரே கோடிக்கணக்கில் தெரியும் மூல மதிப்பைக் கண்டு பதற வேண்டியதில்லை. பார்க்க வேண்டியவை 5, 197, 198, 199. கேபிள் கோளாறைக் காட்டும் 199-ம், மாற்றியமைத்த செக்டர்களை (தட்டில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகளை) எண்ணும் 5-ம் பூஜ்யமாகவே இருந்தன. படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்களை எண்ணும் 197 மட்டும் 16 என்று காட்டியது. 4096 பைட் கொண்ட ஒரு செக்டரை டிஸ்க் எட்டு 512 பைட் துண்டுகளாக வெளியே காட்டுவதால், உண்மையில் பழுதானவை இரண்டே இடங்கள் என்று கொள்ளலாம்.

டிஸ்க் தன்னைத் தானே முழுவதும் படித்துப் பார்க்கும் நீண்ட சோதனையை ஓடவிட்டேன். அது பாதியிலேயே ‘படிப்பதில் தோல்வி’ என்று ஒரு முகவரியைக் குறித்துவிட்டு நின்றது. அந்த நேரத்தில் அதே ‘டிக்’ ஒலி கேட்டது. படிக்க முடியாத இடத்துக்கு ஹெட் திரும்பத் திரும்பப் போய் வரும் ஒலி அது என்பதில் எனக்கு அதன்பின் ஐயமில்லை.

பழுதான டிஸ்கிலிருந்து படிக்க முடிந்ததை மீட்டெடுக்கும் டிடிரெஸ்கியூ (ddrescue) மென்பொருளைக் கொண்டு டிஸ்க் முழுவதையும் நகலெடுத்த பிறகு, பழைய டிஸ்கை முழுவதும் பூஜ்யங்களால் நிரப்பினேன். 197 பூஜ்யமாகி, 5 உயர்ந்தது. அதாவது, பழுதான இடங்களுக்குப் பதிலாக டிஸ்க் தன் உபரி செக்டர்களை எடுத்துக்கொண்டது. அத்தோடு நின்றிருந்தால் முக்கியமில்லாத கோப்புகளுக்காவது அதை வைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அடுத்த நீண்ட சோதனை வேறொரு முகவரியில் தோல்வி கண்டது, 197 மீண்டும் ஏறத் தொடங்கியது. பழுது பரவுகிறது என்று முடிவுசெய்து டிஸ்கைக் கழற்றிவிட்டேன்.

கூகுள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செயலிழந்த டிஸ்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான ஸ்மார்ட் எண்கள் எதிலும் எச்சரிக்கை காட்டியிருக்கவில்லை. ஆகவே புதிய டிஸ்கில் நீண்ட சோதனை மாதம் ஒருமுறை தானாக ஓடும்படி அமைத்திருந்தாலும், நகலெடுப்பதை வாரந்தோறும் செய்துவருகிறேன்.